பாதி வாரண்டி, முழுப் பணம்

வாரண்டி இருக்கிற பேட்டரியை மாற்றிவிட்டு 7,800 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வயிறு எரிகிறது. குடும்பத்துக்கென்று பெரிய டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த எரிச்சல் தெரிந்திருக்கும்.

அட்டையில் 24+24 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “நாலு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் 24 மாதத்துக்குள் போனால்தான் சும்மா மாற்றித் தருவார்கள். அதைத் தாண்டினால் தள்ளுபடி மட்டும். சரி, அந்தத் தள்ளுபடியை எதில் கழிக்கிறார்கள்? எம்.ஆர்.பி.யில்! எந்த ஊரில் எவன் பேட்டரியை எம்.ஆர்.பி. கொடுத்து வாங்குகிறான்? என் இன்னோவா பேட்டரி இரண்டரை வருடத்தில் படுத்துவிட்டது. எம்.ஆர்.பி. 10,400, தள்ளுபடி 25 சதவீதம், ஆக 7,800. வாரண்டி அட்டையே இல்லாத ஒரு ஆள் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு அதே மாடலைப் புதிதாகக் கேட்டால், அதே கடையில் 7,900. பழைய பேட்டரி என்னிடமும் பிடுங்கிக்கொள்ளப்பட்டது. அதிலுள்ள ஈயத்துக்கு எனக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. அப்படியானால் அந்த இரண்டாவது 24 மாதத்தின் மதிப்பு வெறும் 100 ரூபாய்!

அந்த 100 ரூபாய்க்கு எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! வண்டி நின்றது செங்கோட்டையில், வீட்டு வாசலில். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய காலை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வண்டியில் கேபிள் போட்டுக் கிளப்பி, ஆஸ்பத்திரி முடிந்ததும் தென்காசிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பில்லைப் பார்த்ததுமே, “இது கேரளா பில்லுல்லா அண்ணாச்சி, வாங்குன கடையிலயே மாத்திக்கிடுங்க” என்றார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற புனலூரில் வாங்கியது உண்மைதான். ஆனால் அட்டையில் இந்தியா முழுவதும் செல்லும் என்றுதானே அச்சடித்திருக்கிறது? புனலூர் என்ன வெளிநாடா? அதே கம்பெனி, அதே போர்டு. அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அவர்.

செத்த பேட்டரியோடு மலையேறிப் போ என்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். புளியரை எஸ் வளைவில் எஞ்சின் அணைந்தால் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நிற்கும். ஆரியங்காவில் அம்மா பாத்ரூம் போனபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. தென்மலையில் ஒரு டீ குடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டீசலும் எரிந்தது, என் நெஞ்சும் எரிந்தது.

புனலூர்க் கடைக்காரர் முதலில் சொன்னது, “வண்டி ஆஃப் செய்யூ.” அணைத்தேன். அடுத்து, “ஆள்ட்டர்னேட்டர் செக் செய்தோ?” வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். அதுவும் அங்கேயே தெரிந்துவிட்டது. கேபிள் போட்டு மறுபடி கிளப்பி மீட்டர் வைத்தபோது 14.1 வோல்ட் காட்டியது, சார்ஜ் சரியாக ஏறுகிறது. உடனே பேட்டரியின் மேலே இருக்கும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக் காட்டினார். உள்ளே பச்சைப் புள்ளி தெரிந்தது. பச்சையாக இருந்தால் பேட்டரி நல்லதாம்! 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல் இருக்கிறது. அந்தக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் காட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்துப்போனாலும் அந்தப் புள்ளி பச்சையாகவே மிதந்துகொண்டிருக்கும். இது அவருக்குத் தெரியாதா? பேட்டரி பளு தாங்குகிறதா என்று பார்க்கும், இடுக்கி மாதிரி இருக்கும் லோடு டெஸ்டரை மாட்டி அழுத்தினார், முள் ஒன்பது வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. பேட்டரி செத்தது செத்ததுதான். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அப்புறமும் “சார்ஜில் போட்டு நோக்கணும், நாளைக்கு வாங்க” என்கிறார். நாளைக்கு எதில் வருவது? அதுவரை வண்டிக்கு மாற்றுப் பேட்டரி தருவீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே இல்லையாம். வயதான ஒரு அம்மா பின்சீட்டில் மதியச் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

சண்டை போட்டுத்தான் அன்றைக்கே வாங்கினேன். இந்தப் பேட்டரியை முதலில் வாங்கியபோது ஜிஎஸ்டி 28 சதவீதம் கட்டியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. வரியைக்கூடக் குறைத்துவிட்டார்கள், இந்தத் தள்ளுபடிக் கணக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 24+24, 36+36 என்று எது போட்டிருந்தாலும் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம் இருப்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

புதுப் பேட்டரியோடு திரும்பினால் ஆரியங்காவு தாண்டியதிலிருந்து ஊர்வது மட்டும்தான். எதிரே வரிசையாக எம்.சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள், எல்லாம் எங்கள் தென்காசிப் பக்கத்து மலையை உடைத்துக் கேரளாவுக்குக் கொண்டுபோகிறவை. ஒன்றாவது தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டியிருந்ததா? கண்ணுக்கு மருந்து போட்ட அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் புளியரை வரை வந்தார். ரோடு குழி குழியாகிக் கிடக்கிறது, மலை பாதி காணாமல் போயிருக்கிறது, செக்போஸ்டில் கேட்பார் இல்லை. கல்லும் மண்ணும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தடையில்லாமல் போகலாம், ஒரு பேட்டரி வாரண்டி மட்டும் எல்லை தாண்டி வரக்கூடாதா?