படுவான்கரைக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறவர்களுக்கு

"கூடக் கதைச்சா வாகரைக்குப் போக வேண்டி வரும்." மட்டக்களப்பில் அரச வேலை செய்கிறவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சிலருக்கு வாகரை, சிலருக்கு வெல்லாவெளி, சிலருக்கு வவுணதீவு. அக்கரைப்பற்றுப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குப் பொத்துவில்லைச் சொல்வார்கள். ஊர்தான் மாறும், மிரட்டல் ஒன்றுதான்: சொன்னபடி செய்யாவிட்டால் தூர இடத்துக்கு இடமாற்றம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். இப்போது எழுத வைத்தது என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சிக்கு நடந்தது. வாழ்வாதார உதவிக்கான பயனாளிகள் பட்டியல் அவளுடைய மேசையில் இருந்தது. மேலிடத்திலிருந்து இரண்டு பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு மாடி வீடும் உழவு இயந்திரமும் இருப்பது ஊருக்கே தெரியும். அவள் கையெழுத்து வைக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. "கள அறிக்கைக்கு மாறா எழுத ஏலாது சேர்" என்று மட்டும் சொன்னாள்.

இடமாற்றக் கடிதம் உடனே வராது. அதற்கு முன் நடப்பவைதான் ஒரு ஆளை உடைப்பது. முதலில் அவளிடமிருந்த வேலைப் பொறுப்பைப் பறித்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். மேசை கதவோரத்துக்குப் போனது. ஐந்து நிமிடம் பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. பிந்தி வருகிற மற்றவர்களுக்கு அது இல்லை. சம்பள ஏற்றப் படிவம் யாருடைய லாச்சிக்குள்ளேயோ கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டதற்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. கூட இருந்து தேநீர் குடித்தவர்கள் மெல்ல மெல்ல வேறு நேரத்தில் குடிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், திங்கட்கிழமை புதிய இடத்தில் கடமையேற்கும்படி ஒரு கடிதம். காரணம் ஒரே வரி: சேவையின் தேவை கருதி. அவளுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அப்படியென்றால் எந்தச் சேவையின் எந்தத் தேவை?

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "பேசாம வெச்சிருக்கலாமேகா கையெழுத்த" என்றுதான் பெரியம்மா சொன்னாராம். பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் அலுவலக வாசலோடு நிற்பதில்லை.

இதில் எனக்கு இன்னும் கோபம் வருவது வேறொரு விடயத்தில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை என்பது குற்றவாளிகளைக் கொண்டுபோய்ப் போடும் இடமா? மாவட்டத்துக்குச் சோறு போடும் வயல்கள் அங்கேதான். மழை காலத்தில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும், இரவில் யானை வரும், பஸ் குறைவு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்களில் பலர் அந்தத் துறையில் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மிகத் திறமையான, விருப்பத்தோடு வருகிற ஆட்களை அல்லவா அனுப்ப வேண்டும்? நாம் அனுப்புவது பழிவாங்கப்பட்டு, மனம் நொந்து, திரும்பி வர யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆளை. ஒரு முதியவர் ஒரு கையெழுத்துக்காகக் காலையில் வெளிக்கிட்டு வந்து, "மிஸ் மாறிப் போயிட்டா" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார். தண்டனை அவருக்கும்தான்.

யாராவது அங்கே வேலை செய்யத்தானே வேண்டும் என்பார்கள். கட்டாயம். சுழற்சி முறையில் எல்லோரும் போகட்டும். பட்டியலை அறிவித்தல் பலகையில் போடுங்கள். யார் எத்தனை வருடம் எங்கே இருந்தார்கள் என்று எல்லோரும் பார்க்கட்டும். நகரத்தில் ஒரே கதிரையில் வருடக்கணக்காக இருப்பவர்களின் பெயர் அப்போது தானாகத் தெரியும். அந்தப் பட்டியலைத்தான் அவர்கள் போட மாட்டார்கள்.

இது ஒரு அதிகாரியின் குணக்கேடு மட்டும் இல்லை. 1972 அரசியலமைப்பு, நியமனம் இடமாற்றம் உட்பட, பொதுச் சேவையை அமைச்சரவையின் கையில் கொடுத்தது. 2001இல் 17ஆவது திருத்தம் அதைச் சுயாதீனமான பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கொண்டுவந்தது. அதன் பிறகு 2010, 2015, 2020, 2022 என்று ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த ஆணைக்குழுவை நியமிப்பதில் யாருக்குப் பிடி என்பது மாறிக்கொண்டே இருந்தது. மேலே பிடி மாறும்போது கீழே இருக்கிறவர்கள் சட்டத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலும் இல்லாததால், மாகாண ஊழியர்களுக்காகக் கேள்வி கேட்க அந்தச் சபையும் இல்லை.

சரி, கடிதம் கையில் கிடைத்தவர் என்ன செய்யலாம்? அழுவதற்கு முன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை வீதிக்கும் குளத்துக்கும் எவ்வளவு காசு ஒதுக்கினார்கள் என்று கேட்க மட்டும்தான் பாவிக்கிறோம். அதன் 35ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமையை அரச அதிகாரிக்கு வைக்கிறது. இடமாற்ற முடிவு எடுத்த கூட்டத்தின் அறிக்கையையும் அதே சட்டத்தின் கீழ் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். இன்னொன்று, நாட்களைத் தவற விடாதீர்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது.

அந்தத் தங்கச்சி புதிய இடத்தில் கடமையேற்றுவிட்டாள். காரணம் கேட்டுக் கடிதமும் பதிவுத் தபாலில் போய்விட்டது. அதே அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: அவளுடைய பழைய கோவையில் இருக்கும் கள அறிக்கையை யாரும் மாற்ற விடாதீர்கள். அதற்கு நீங்கள்தான் சாட்சி. இப்படிக் கடிதம் கிடைத்து எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருப்பவர்கள் உள்பெட்டியில் வாருங்கள், மாதிரிக் கடிதம் அனுப்புகிறேன். பெயரை யாருக்கும் சொல்ல மாட்டேன்.