எடுத்த படத்தை அவங்க கைல கொண்டு போய் குடுங்க

போட்டோ எடுக்குற தம்பி தங்கச்சிங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. யாரையாவது படம் எடுத்தீங்கன்னா அதை பிரிண்ட் போட்டு அவங்க கைல கொண்டு போய் குடுங்க. வாட்ஸப்ல அனுப்புறதச் சொல்லல, பேப்பர்ல. மேக்ஸி சைஸ் ஒரு காப்பி 10, 15 ரூபாதான், ஒரு டீ காசு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் எடுத்ததுல இன்னைக்கு எனக்கு மிஞ்சி இருக்கிறது பூரா நான் அடுத்தவங்களுக்குக் குடுத்ததுதான். பெரிய பதிவு, பொறுமையா படிங்க.

தொழில்முறைல எடுக்கிறவன் இல்ல நான். 1999ல இருந்து மெடிக்கல் ரெப். திருநெல்வேலி, தூத்துக்குடி ரெண்டு மாவட்டமும் நம்ம ஏரியா, டாக்டரப் பாக்க வெளில உக்காந்திருக்கிற நேரம் போக மிச்சம் பூரா பைக்லதான். சாம்பிள் பைக்குள்ள ஒரு யாஷிகா எம்எஃப் 2 எப்பவும் கெடக்கும், ஃபோகஸ் பண்ற வேலையே கிடையாது, அமுக்குனா விழுந்துரும். ரோலுக்கு 36 படம், பாத்து லோடு பண்ணா 37, சில சமயம் 38 கூட விழும், அந்த ஒண்ணு ரெண்டு கூடுதலா விழுறதுல இருந்த சந்தோஷம் இன்னைக்கு 64 ஜிபி கார்டுல வரல. எங்க மாமா அதுக்கும் முந்தி, ஊட்டில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல தயாரிச்ச 'இந்து' ஃபிலிம் போட்டு கருப்பு வெள்ளைல எடுத்தவரு, நம்ம மலையில செஞ்ச ஃபிலிம்லேனு பெருமையா சொல்லுவாரு. நான் வரும்போது கலர் வந்துட்டு.

அதுல எடுத்ததுல எனக்கு உசுரு மாதிரி ஒரு படம் உண்டு. 2001, சேரன்மகாதேவில ஆச்சி வீடு. ஓட்டு வீடு, அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது, கூரைல ஒரே ஒரு கண்ணாடி ஓடு. காலைல பத்து மணி வாக்குல அந்த ஓடு வழியா வெயில் சாஞ்சு இறங்கும், அடுப்புப் புகை அதுக்குள்ள சுத்திச் சுத்தி மேல போகும், ஏதோ வெள்ளை வேட்டியத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ஆச்சி சொளவ மடில வச்சிக்கிட்டு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாவ. ஃப்ளாஷ தூக்காம எடுத்தேன். கழுவக் குடுத்த இடத்துல அந்த ஒரு படத்துக்கு மட்டும் பிரிண்டே போடல, இது வேஸ்ட்டு, இருட்டுனுட்டாங்க. நெகடிவ்வ ட்யூப்லைட்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன், இருக்கு, கை இருக்கு. போட்டே ஆகணும்னு நின்னு ரெண்டு காப்பி வாங்குனேன். ஆச்சி முகம் பாதிக்கு மேல இருட்டுதான். ஆனா வெயில் விழுந்த அந்த ரெண்டு கை, விரல் கணுவுல இருந்த வீக்கம், ஈர்க்குல இருந்து கீரை வழுக்கிக்கிட்டு வாரது, அம்புட்டும் இருக்கு. ஆச்சி கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "மூஞ்சியக் காணும், ஆனா இது எங்கம்மா கையில்லாலே"ன்னாவ. ஒரு காப்பி நான் வச்சிக்கிட்டேன், இன்னொண்ணு அம்பாசமுத்திரத்துல அத்தை வாங்கிக்கிட்டா.

அடுத்தது உடன்குடிப் பக்கம், 2014 சித்திரை. அப்ப நிக்கான் டி3200 வாங்கியாச்சு, கூட ஒரு 55-200 லென்ஸு. காலைல ஆறரை மணிக்கு ஒரு பனங்காட்டுப் பக்கம் பதநீர் குடிக்க வண்டிய நிறுத்துனேன். பனையேறுறவங்களப் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா? கால்ல தளைநார், அதாவது ரெண்டு காலையும் சேத்துப் பிணைக்கிற நார் வளையம், இடுப்புல அருவாப்பெட்டி, நெஞ்ச மரத்தோட ஒட்டி ஒவ்வொரு எட்டா ஏறணும், நெஞ்சுல காப்புக் காச்சிப் போயிருக்கும். மேல போயி பாளைய ஒரு சீவு சீவி, சுண்ணாம்பு தடவுன கலயத்த மாட்டிட்டு, முந்தி மாட்டுனத இறக்கணும். சுண்ணாம்பு இல்லைன்னா புளிச்சு கள்ளாயிரும். ஒரு மரத்துக்கு ஒரு தடவை ஏறுனாப் போதும்னு கிடையாது, காலைல ஒருக்க சாயங்காலம் ஒருக்க, இந்த மாதிரி எத்தனை மரம்! அண்ணாச்சி உச்சில மட்டைகளுக்கு நடுவுல கால ஊணி நிக்கும்போது பின்னாடி இருந்து வெயில் வந்துட்டு. நாலு படம்தான் எடுத்தேன். கீழ இறங்கி வந்து ஓலைப் பட்டைய மடிச்சு அதுல ஊத்திக் குடுத்தாரு, காசு வாங்கல. "படத்த எனக்கும் காட்டும், நான் மேல எப்படி நிக்கேன்னு நானே பாத்ததில்ல"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைதான் மனச என்னமோ பண்ணிட்டு. முப்பது வருசமா ஏறுற மனுசன், தான் எப்படி நிக்கோம்னு பாத்ததில்ல.

12க்கு 8 சைஸ்ல போட்டு, மூணு வாரம் கழிச்சு அடுத்த ரூட்ல கொண்டு போனேன். அவரு சிரிச்சுக்கிட்டே பாத்தாரு. அவர் வீட்டு மைனி வாங்கிப் பாத்தாவ, முகத்தப் பாக்கல, வெயிலப் பாக்கல, படத்த மூக்குக்கிட்ட கொண்டு போயி கால் கிட்ட விரல வச்சு, "இங்க பாரும், தளைநாரு நைஞ்சு கெடக்கு, இத வச்சிக்கிட்டா ஏறுதீரு?"ன்னு ஒரு சத்தம். நானும் குனிஞ்சு பாத்தேன், நார்ல ஒரு பக்கம் சிலும்பு சிலும்பா பிரிஞ்சு நிக்கி. கம்ப்யூட்டர்ல அந்தப் படத்த எத்தனை தடவை பெருசு பண்ணிப் பாத்திருப்பேன், வெளிச்சம் எப்படி, மட்டை வெட்டிக்கிட்டு நிக்கான்னு எல்லாம் பாத்த எனக்கு அது கண்ணுல படல. அன்னைக்கே பழச வெட்டிப் போட்டுட்டுப் புது நார் திரிச்சாரு. அந்தப் படத்த சரியாப் பாத்தது மைனி ஒருத்திதான்னு நான் நெனைக்கேன். குடுக்காம விட்டிருந்தா அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது.

பறவைக்கு பிரிண்ட் குடுக்க முடியாதேன்னு கேப்பீங்க. அதுக்கு கூந்தன்குளத்தச் சொல்றேன். நாங்குநேரி தாலுகா, மணிமுத்தாறு அணைத் தண்ணி வந்து நிறையுற குளம், 1994ல சரணாலயமாச்சு, 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்லயும் வந்துட்டு. அங்க பறவை குளத்துல மட்டும் இல்ல, ஊருக்குள்ள, வீட்டு வேப்பமரத்துல, புளியமரத்துல கூடு கட்டும். மஞ்சமூக்கு நாரை ஆளு உசரத்துக்குக் கொஞ்சம் மேல உக்காந்திருக்கும், கீழ பிள்ளைங்க விளையாடும். தீபாவளிக்கு அந்த ஊர்ல வெடி கிடையாது. எச்சம் விழுந்த குளத்து வண்டல அள்ளி வயலுக்குப் போடுவாங்க. ஒரு வீட்டு வாசல்ல சித்தி ஒருத்தி, கோலம் போட்ட எடத்துல எச்சம் விழுந்ததத் தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே சொன்னா, "தலைப்பேறுக்கு அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைய ஒண்ணு சொல்ல முடியுமா தம்பி."

அவ வீட்டு மரத்துல எடுத்ததுதான் என் மூணாவது படம். வெளிச்சம் காலைலயும் சாயங்காலமும்தான் நல்லா இருக்கும், உச்சி வெயில்ல கேமராவ மூடி வைக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. இது உச்சி வெயில், பன்னெண்டரை மணி. தாய் நாரை சூரியனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ரெண்டு றெக்கையவும் விரிச்சு நிக்கி, நிழல்ல மூணு குஞ்சு வாயத் திறந்து மூச்சு வாங்குது. றெக்கை ஓரத்து ரோஸ் நிறம் வெயில் ஊடுருவி அப்படியே எரியுது. அரை மணி நேரம் பாத்தேன், தாய் அசையல. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது, அவ்வளவுதான்.

அந்த நேரம் கார்ல வந்த ஒரு ஆளு, கையில பெரிய லென்ஸு, பறக்குற ஷாட்டு வேணும்னு கையத் தட்டுனாரு. பக்கத்து மரத்துல இருந்து நாலஞ்சு எழும்பிப் போச்சு. எனக்கு வந்த ஆத்திரம் சொல்ல முடியாது, சித்திதான் விளக்குமாத்தோட போயி நல்லா நாலு வார்த்தை கேட்டா. தாய் அந்த வெயில்ல எழும்பிப் போனா குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும், காக்கா காத்துக்கிட்டு இருக்கும். கூட்டுக்குக் கிட்டப் போறது, கல்ல எறியுறது, போன்ல பறவைச் சத்தத்தப் போட்டுக் கூப்பிடுறது, இதெல்லாம் எடுத்த படம் எம்புட்டு லைக்கு வாங்கினாலும் என்னால நல்ல படம்னு சொல்ல முடியாது. பறவைக்கு நாம குடுக்க முடிஞ்சது அதோட அந்த நேரத்தக் கெடுக்காம இருக்கிறதுதான். சித்திக்கு அடுத்த மாசம் பிரிண்ட் கொண்டு போனேன், "என் மரத்துல உள்ளத எனக்குத் தாரதுக்கு இம்புட்டு நாளா"ன்னு வாங்கி சாமி படத்துப் பக்கத்துல சொருகி வச்சா.

இனி 2023. வெள்ளம் வந்தா திருநெல்வேலில தாமிரபரணி ஆத்துக்குள்ளயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கும், எங்க ஊருக்காரங்க அதப் பாத்துத்தான் ஆத்துல எவ்வளவு தண்ணின்னு கணக்குப் போடுவோம். தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சா உற்சவர மேட்டுக்குக் கொண்டு போயிருவாங்க. நான் ஒவ்வொரு தடவையும் கேமராவத் தூக்கிக்கிட்டு அத எடுக்கப் போவேன். டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு, அந்த ராத்திரி தாமிரபரணி எங்க தெருவுக்குள்ள வந்துட்டு. அம்மாவ மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம், கேஸ் சிலிண்டர் போச்சு, அரிசி போச்சு. கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டிக்குள்ள இருந்த நெகடிவ் எல்லாத்தையும், ஆல்பத்தையும், மேசைக் கீழ் டிராயர்ல இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் நெனைக்க நேரமில்ல. நாலு நாள் கழிச்சு சேத்துக்குள்ள இருந்து பெட்டிய எடுத்தேன். அப்ப எனக்குத் தெரியல, உங்களுக்காச்சும் தெரியட்டும்: நனைஞ்ச நெகடிவ்வக் காயவிடக் கூடாது. நல்ல தண்ணிலயே போட்டு வச்சு, ஈரம் இருக்கும்போதே ஒவ்வொண்ணா மெதுவாப் பிரிச்சு, சேறு போக அலசி, கொடில தொங்க விட்டுக் காய வைக்கணும். நான் மாடில வெயில்ல பரப்பிட்டேன். கவரோட கவரா ஒட்டிக்கிட்டு, இழுத்தா படமே உரிஞ்சு வந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கையும் திறக்க முடியல.

ரெண்டு மாசம் கேமராவத் தொடல. அம்மாதான் ஒரு நாள், ஆச்சி படம் அத்தை வீட்ல இருக்குமேன்னா.

இருந்துச்சு. பூஜை ரூம் கதவுக்குப் பின்னாடி, கொஞ்சம் மஞ்சளாகி. வாசத் திண்ணைல வச்சு போன்லயே படம் பிடிச்சேன், கண்ணாடில என் நிழல் விழாம இருக்க அத்தை குடை பிடிச்சா. அங்க ஆரம்பிச்சு வீடு வீடாப் போனேன். பத்தமடைல பாய் நெய்யுற பெரியம்மா வீடு, திருச்செந்தூர்ல ஒரு கம்பவுண்டர் அண்ணன் வீடு, கூந்தன்குளம் சித்தி வீடு. நான் மறந்தே போன படமெல்லாம் சுவத்துல தொங்குது. இதுவரைக்கும் 61 படம் திரும்ப வந்திருக்கு. குடுக்காம நானே வச்சிருந்தது ஆயிரக்கணக்குல இருக்கும், அதுல ஒண்ணு இல்ல.

நம்ம பக்கம் ஒரு வீட்ல துட்டி விழுந்தா மாலை போடப் படம் தேடுறதப் பாத்திருப்பீங்க. வீட்ல நாலு போன் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் எத்தனையோ ஆயிரம் படம் இருக்கும், கடைசில ஆதார்ல இருக்கிற கலங்குன முகத்தப் பெருசு பண்ணித்தான் மாட்டுவாங்க. அந்தத் தெருவுல கேமரா வச்சிருக்கவன் ஒருத்தன் இருந்தும் இப்படின்னா அது அவனுக்குத்தான் கொறை, எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

உடன்குடிக்குப் போன மாசம் போனேன். அண்ணாச்சி இப்ப மரம் ஏறுறதில்ல, முட்டு வலி. படம் நடு வீட்ல, சட்டம் போட்டு. மைனி அதக் கழட்டித் தொடைச்சுக் குடுத்தாவ, நான் அதப் படம் எடுத்தப்புறம் ரெண்டு பேரையும் அந்தச் சட்டத்தக் கையில பிடிக்கச் சொல்லி திண்ணைல வச்சு இன்னொண்ணு எடுத்தேன். மைனி எழும்பும்போதே சொல்லிட்டாவ, "இதயும் கொண்டாரணும், போன தடவை மாதிரி மூணு வாரம் ஆக்கக் கூடாது."

நாலு வாரம் ஆகிப் போச்சு. பிரிண்ட் நேத்துதான் கைக்கு வந்துச்சு, பைல இருக்கு. நாளைக்கு விடியக்கால கெளம்புறேன்.