பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

ஒரு கோரைப்பாய், பத்துப் புளியங்கொட்டை. நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை புரியவைக்க இவ்வளவு போதும். ஐந்து கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, மீதி ஐந்தை இடம் விட்டு ஒரு வரிசை வைத்து "எது நிறைய?" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையைத்தான் காட்டும். நூறு வரை கடகடவென ஒப்பிக்கிற பிள்ளைகூட அதையே காட்டலாம். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணவைத்து, ஒன்றுக்கு நேராக ஒன்றை நகர்த்தவைத்துப் பல நாள் விளையாடினால்தான் அது மெல்ல மெல்லப் பிடிபடும்.

ஆனால் பால்வாடியில் அதே அறையில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. அதன் கைக்குக் கொட்டை போனால் அடுத்த நொடி மூக்கிலோ வாயிலோ இருக்கும். தனி ஆளாக நிற்கும் டீச்சர் என்ன செய்வார்? டப்பாவை மூடி மேலே வைத்துவிட்டு எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லச் சொல்வார். அவர் மேல் தப்பில்லை.

அவர் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், தடுப்பூசி நாளுக்கு ஆள் கூட்ட வேண்டும். மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், இப்போது சத்துமாவு வாங்குகிறவர் யாரென்று உறுதிசெய்ய அவர் முகத்தையும் அதில் காட்ட வேண்டும். தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியல் வேலை. பக்கத்து ஊர் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டால் அந்த மையமும் இவருக்கே கூடுதல் பொறுப்பு.

இந்த நெருக்கடியில் முதலில் அடிபடுவது படிப்பு. சாப்பாடு நிற்காது. 1982 ஜூலை 1-ந் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கென்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் இருப்புப் பதிவேடு உண்டு, ஒரு முட்டை குறைந்தாலும் கேள்வி வரும். அன்றைக்குப் பிள்ளைகளோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதற்கு அப்படி ஒரு கேள்வி வராது. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற நல்ல பாடத்திட்டம் நம்மிடம் இருக்கிறது. அதை நடத்த ஆள்தான் இல்லை.

ஆள் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாத விஷயமில்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குப் படிப்புக்கென்றே அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள், மறுபாதி பழையபடியே நடந்தது. ஒன்றரை வருடம் கழித்து அளந்தபோது ஆள் போட்ட மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத குழந்தைகளும் அங்கே குறைந்திருந்தார்கள். பழைய டீச்சருக்குச் சத்துணவையும் எடையையும் கவனிக்க நேரம் கிடைத்தது காரணமாக இருக்கலாம்.

பணம் எங்கே என்பார்கள். மாநிலத்தில் 54,439 மையங்கள். அரைநாள் ஆசிரியருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 523 கோடி. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. நூறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்கேஜிக்கு அரசு கட்டணம் கட்டுகிறது. அதே வயதுப் பிள்ளை பால்வாடியில் இருந்தால் மட்டும் ஏன் யோசனை? 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது நல்ல காரியம். மூன்று வருடத்தில் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். நிரந்தர ஆளும் நிரந்தர நிதியும் இல்லாத திட்டத்துக்கு இந்த ஆட்டம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

நம் டெல்டாவுக்கு இன்னொரு சிக்கல், நேரம். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் காலை ஏழு மணிக்கு வயலில் நிற்க வேண்டும். பால்வாடி திறக்க ஒன்பது ஆகிவிடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்துக்காக, ஏழாவது படிக்கிற அக்கா அன்றைக்குப் பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகத்துக்கு நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள், ஆறு மாதக் குழந்தையிலிருந்து என்று விதி இருக்கிறது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சை மாவட்டங்களில் குறுவை, சம்பா நடவுக் காலத்திலாவது காலை ஏழுக்குத் திறக்கிற மாதிரி அதைக் கொண்டுவர வேண்டும். எந்த ஊரில் எந்த வாரம் நடவு என்பது ஊராருக்குத் தெரியும். அவர்களைக் கேட்டே அட்டவணை போடலாம்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே தரை இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறி சத்துமாவு பூசணம் பிடிக்காமலிருக்க மூட்டைகளுக்குக் கீழே கட்டை போட வேண்டும். சமையலறைக்குத் தனி வாசல் வேண்டும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மையமே இல்லாத குடியிருப்புகளும் இருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் ஒரு குடியிருப்பில் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்கிற விதத்தில் கவனமாக இருங்கள். வீடு வீடாகப் போய்க் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எழுதுங்கள். வேனில் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளையையும் விடாமல் சேருங்கள். "வருகைப் பதிவேட்டில் இத்தனை பேர்தானே" என்று அங்கேதான் மடக்குவார்கள். நீதிமன்றம் சொன்னது குடியிருப்பில் இருக்கிற குழந்தைகளின் கணக்கு. பக்கத்து மையத்துக்கு எத்தனை தூரம், நடுவில் எந்த வாய்க்கால், மழைக்காலத்தில் அதை எப்படித் தாண்டுவது என்று ஒரு வரைபடம் போடுங்கள். ஊர்த்தெருவில் மையம் இருந்து காலனிப் பிள்ளைகள் அங்கே போகத் தயங்கினால் அதையும் பூசி மெழுகாமல் எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் மூன்று மாதக் கணக்கு. பதில் வராவிட்டால் ஒப்புகையோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2 என்றால், ஆவணியிலேயே கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுங்கள். புரட்டாசி பிறந்தால் சம்பா நடவில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.