அந்த அம்புக்குறி ஓராண்டுப் பயணம் அல்ல

குடிபெயர்ந்தோரை நாட்டிலிருந்து நாட்டுக்கு வளைந்த அம்புக்குறிகளால் காட்டும் உலக வரைபடம் ஒன்றைப் பகிர்ந்து, '2020-இல் மட்டும் இந்தியாவிலிருந்து 35 லட்சம் பேர் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனார்கள்' என்று எழுதியிருப்பது தவறு. ஐ.நா. தரும் அந்த எண், அவ்வாண்டில் அங்கே வசித்துவந்த இந்தியர்களின் மொத்த மதிப்பீடு. எப்போது போனார்கள் என்பதை அது சொல்லவே சொல்லாது.

1940-இல் அமிர்தசரஸில் பிறந்து, 1947 பிரிவினையில் லாகூருக்குப் போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. பெரும்பாலும் பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடுவதால், 2020-லும் அவர் 'இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்கு' என்ற கோட்டில்தான் இருப்பார். அந்தக் கோட்டில் ஓர் அம்பு முனையைச் சேர்த்துவிட்டால், எழுபது ஆண்டுக்கு முந்தைய துயரம் இந்த ஆண்டுப் பயணமாகிவிடும்!

குடியிருப்போர் தொகை வேறு, ஓராண்டுப் பெயர்வு வேறு. பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1862-இல் வெளியிட்ட வரைபடம் 1858-இல் குடிபெயர்ந்தோரை மட்டும் காட்டியது. ஆண்டைத் தலைப்பிலேயே எழுதினார். குடியிருப்போர் தொகைக்கு அம்பு வேண்டாம். அந்தந்த நாட்டின் மேல் அளவுக்கேற்ற வட்டம் போதும். அம்புதான் வேண்டுமென்றால், வரைபடத்தின் குறிவிளக்கத்தில் 'இது மொத்தத் தொகை' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். வளைந்த கோட்டைப் பயணவழி என்று நம்புவோரும் உண்டு, அதுவும் அல்ல.