கையில் கனம், கண்ணில் வெளுப்பு

என் மகள் ஒன்றரை வயசில் சுவரை நக்க ஆரம்பிச்சா. அம்பாசமுத்திரத்துல எங்க வீட்டு ரெண்டாங்கட்டு பழைய சுண்ணாம்புச் சுவர். விளையாடிக்கிட்டே போய் முகத்தை அதுல ஒட்டிக்குவா, திரும்பினா உதடெல்லாம் வெள்ளை. "சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்குது ஏளா, இன்னொரு டம்ளர் பால் குடு"ன்னாங்க அத்தை. குடுத்தேன்.

அஞ்சாம் மாசம் நான் வேலைக்குத் திரும்பினப்போ தொடங்கினது இந்தப் பசும்பால். பால் பாதி, தண்ணி பாதி, கொஞ்சம் சீனி, சங்குல ஊத்திப் புகட்டுவாங்க. ஒன்றரை வயசுல தினம் ஒரு லிட்டர். சோத்தைக் கண்டா வாயை இறுக்கிக்குவா. ஆனா கொழுகொழுன்னு இருந்தா, தூக்குறவங்க எல்லாம் "நல்ல வளர்த்தி"ன்னாங்க. அந்தப் பேச்சுல நானும் மயங்கிட்டேன்.

டாக்டரம்மா கீழ் இமையை விரலால இழுத்துப் பார்த்தாங்க. உள்ளே சிவப்பே இல்ல. ரத்தம் எடுத்தா ஹீமோகுளோபின் 7.1. இந்த வயசுக்கு 10.5, 11 இருக்கணும். ரத்தசோகை, சுவரை நக்கினதும் அதனாலதான். அவங்க கேட்ட முதல் கேள்வி, "பால் எவ்வளவு குடிக்கா?"

ஒரு லிட்டர் பசும்பால்ல இரும்புச்சத்து சுமார் அரை மில்லிகிராம்தான். பிள்ளைக்கு தினம் வேண்டியது 7, 8 மில்லிகிராம். பால்ல உள்ள கால்சியமும் கேசீன்ங்கிற புரதமும் மத்த சாப்பாட்டு இரும்பையும் உடம்புல சேரவிடாது. தாய்ப்பால்ல இரும்பு கொஞ்சம்னாலும் நல்லா ஒட்டும். ஒரு வயசுக்கு முன்னால பசும்பாலே ஆகாரம்னு குடுத்தா, சில பிள்ளைகளுக்குக் குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கசியும். புரதமும் தாய்ப்பாலைப் போல மூணு மடங்கு, பிஞ்சு சிறுநீரகத்துக்குப் பாரம். தண்ணி கலந்தா சத்துதான் குறையும். தாய்ப்பால் போதலைன்னா டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தணும். ஆறு மாசத்துக்கு மேல சோத்துல பிசையிற தயிர் வேற கணக்கு, அதுக்குத் தடையில்ல.

நான் பாலுக்கு எதிரி இல்ல. 1926ல வெளியான கோரி மான்ங்கிற டாக்டரோட ஆய்வுல, லண்டன் பக்கத்து விடுதிப் பையன்களுக்கு தினம் அரை லிட்டருக்குச் சற்று கூடுதலா பால் சேர்த்துக் குடுத்தாங்க. வருசத்துக்கு 2.63 அங்குலம் வளர்ந்தாங்க, பால் சேர்க்காதவங்க 1.84. பால் உயரம் தரும், நிஜம். ஆனா அது பள்ளிக்கூட வயசு, வேற சாப்பாடும் தின்ன பையன்க. நம்ம வீட்டுல பால் சோத்தோட இடத்தையே பிடிச்சிக்கிடுது. தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) படி தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்கள்ல 57 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. பால் மட்டுமே காரணமில்ல, எங்க வீட்டுல அதுதான்.

பாலை ரெண்டு டம்ளரா குறைச்சோம், அதுவும் சாப்பிட்ட பிறகு. இரும்பு மருந்து, பருப்புஞ்சோறு, முருங்கைக்கீரை, வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல். முதல் பத்து நாள் அழுகைதான், அத்தை என் முகத்தைக்கூடப் பார்க்கல. ரெண்டு வாரத்துல சுவரை நக்குறதை விட்டுட்டா. மூணு மாசத்துல 10.6.

எங்க மதினி பிள்ளைக்கு இப்போ ஏழு மாசம். நேத்து போனப்போ அடுக்களை மாடத்துல சங்கைக் கழுவிக் கவிழ்த்து வச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், என் மகளோட ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு.