காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்துமா?

'வெட்டுக்காயத்தில் ஏற்காடு காப்பித்தூளை அப்பினால் ரத்தம் நிற்கும், படுக்கைப்புண்ணும் ஆறும்' என்று சேலம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு.

தூள் ரத்தத்தில் ஊறிக் கெட்டியாவதால் நின்றதுபோலத் தெரியும், அவ்வளவுதான். தையல் போடுமுன் அதைக் கழுவியெடுக்கும் வலி இருக்கிறதே, அது தனி. காப்பி குடிக்கத்தான். சுத்தமான துணியை மடித்து வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அப்படியும் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை அழுத்திய கையை எடுக்கக் கூடாது. தோட்டத்துக் கவாத்துக் கத்தி வெட்டு என்றால் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

படுக்கைப்புண் வேறு கதை. ஒரே இடம் அழுந்தி, ரத்த ஓட்டம் தடைபட்டு வருவது அது. படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கொரு முறை புரட்டிவிடுங்கள். இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள்.