ஹஸ்ரத்துக்கும் ஓர் உஸ்தாத் வேண்டும்

என் இளைய மகனுக்கு ஏழு வயது. அஸர் (மாலைத் தொழுகை) முடிந்து மதரஸாவுக்குக் கிளம்பும் நேரம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்பான். ஒருநாள் நானே போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது பிள்ளைகள், ஓதிக் கொடுக்க ஒரே ஹஸ்ரத் (மார்க்க ஆசிரியர்). ஒருவன் அலிஃப், பா என்று அரபு எழுத்து ஓதுகிறான். பக்கத்திலிருப்பவன் குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்உ. முறைவைத்து ஓதிக் காட்டினால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. மீதி நேரத்தைப் பிரம்பு பார்த்துக்கொள்கிறது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹ், ஹதீஸ், தஃப்ஸீர் என்று மார்க்கப் பாடம் எல்லாம் ஓதியவர். ஆனால் மேல் முன்பல் விழுந்த பிள்ளைக்கு ‘ஸா’ எழுத்தின் மக்ரஜை (ஒலி பிறக்கும் இடத்தை) எப்படிச் சொல்லித் தருவது, நாற்பது பேரை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது என்று அவருக்கு எந்த உஸ்தாதும் (ஆசிரியரும்) காட்டித் தரவில்லை. ஸனது (பட்டம்) வாங்கிய கையோடு நேராக இங்கே வந்துவிட்டார்.

கேரளாவைப் பாருங்கள். சமஸ்தா என்ற மார்க்க அறிஞர்கள் அமைப்பின் மதக் கல்வி வாரியம் 1951இல் தொடங்கியது. மதரஸாவை நடத்துவதும் சம்பளம் கொடுப்பதும் அந்தந்த மஹல்லு, அதாவது ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்துதான். பாடநூலும் பொதுத்தேர்வும் வாரியத்துடையவை. முஃபத்திஷ் (ஆய்வாளர்) வந்து வகுப்பைப் பார்ப்பார். அக்கம்பக்கத்து மதரஸாக்களை ‘ரேஞ்ச்’ என்று சேர்த்திருப்பதால், முஅல்லிம்கள் (மதரஸா ஆசிரியர்கள்) தங்களுக்குள் கூடிப் பேசவும் இடம் இருக்கிறது.

அவ்வளவு பெரிய அமைப்பு உருவாகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஐந்தாறு மஹல்லாக்கள் சேர்ந்தால் போதும். வெள்ளிக்கிழமை மதரஸா லீவுதானே? மாதம் ஒரு வெள்ளி, நன்றாகச் சொல்லித் தரும் ஒருவர் நிஜமான பிள்ளைகளை வைத்துப் பாடம் எடுக்கட்டும். மற்றவர்கள் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் ஊருக்கு ஒருவராவது இருப்பார், அவரையும் கூப்பிடுங்கள். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் ஜமாஅத் பொறுப்பு. ஹஸ்ரத்தின் சொற்பச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, பெண்களை விட்டுவிடாதீர்கள். என் பெத்தும்மா (பாட்டி) வீட்டுத் திண்ணையில் தெருப்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். தடுமாறும் பிள்ளையை மடியோடு சேர்த்து உட்கார வைத்து, தன் வாயைப் பார்க்கச் சொல்வார். நான் குர்ஆன் ஓதக் கற்றது அப்படித்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் தைக்காக்களில் (பெண்கள் கூடித் தொழுது ஓதும் இடங்களில்) தலைமுறை தலைமுறையாக இப்படி ஓதிக் கொடுக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி என்று பேச்செடுத்தால் மட்டும் இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வரும் ஜமாஅத் பொதுக்குழுவில் இதைப் பேசப் போகிறேன். உங்கள் மஹல்லாவில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால், முதல் கூட்டத்தை எப்படி நடத்தினீர்கள் என்று எழுதுங்கள்.